சாம்பிள் ஒன்று, சரக்கு ஒன்று: ரேஸ் டூர் விற்றவருக்கு ஒரு திறந்த மடல்

ஐயா,

உங்கள் கம்பெனியின் பெயரை இதில் எழுதவில்லை. பெயர் எழுத வேண்டிய காகிதம் வேறு, அது தனியாகத் தயாராகிக்கொண்டிருக்கிறது. இந்த மடல் உங்களுக்கும், உங்களைப் போலவே ‘ரேஸ் டூர்’ விற்கிற மற்றவர்களுக்கும், அடுத்த வருஷம் அதற்குப் பணம் கட்டப்போகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கும் பொதுவானது.

நாங்கள் திருப்பூர்க்காரர்கள். ஒருவர் கட்டிங் மாஸ்டர். ஒருவருக்குச் சொந்தமாக பிரிண்டிங் பட்டறை. இன்னொருவர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்சண்டைசர். வராமல் போன ஐந்தாவது ஆள் அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்புகிறவர், அவர் கதைக்குப் பின்னால் வருகிறேன். நான் அனுப்பர்பாளையம் பக்கம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறேன். “பனியன் கம்பெனிக்காரங்களுக்கு ரேஸைப் பத்தி என்னங்க தெரியப்போகுது” என்று உங்கள் ஆபீஸ் பையன் போனைக் கீழே வைக்காமலே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. அதற்குப் பதில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பல்லடம் வழியாக செட்டிபாளையம் போனால் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கிலோமீட்டர் டிராக். மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டி, இந்த நாட்டுப் பையன்களுக்கும் கட்டுப்படியாகிற பந்தயம் ஒன்றை உண்டாக்கிய எஸ். கரிவரதனின் பெயரில் இருக்கிறது. அவர் 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். அந்த டிராக் வேலியோரம் வெயிலில் நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். 2005-இல் கோவையின் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கி, அங்கே ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஜூனில் இண்டியானாபோலிஸில் டயர் தகராறு வந்து, மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் பந்தயம் தொடங்குமுன் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. மிஞ்சிய ஆறு கார்களில் நரேன் நான்காவதாக வந்தார். “ஆறு பேர்ல நாலாவது” என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஓடாதவனுக்குப் பாயிண்ட் கிடையாது, ஓடியவருக்கு 5 பாயிண்ட் கிடைத்தது. எங்கள் கட்டிங் மாஸ்டர் அதை இன்றைக்கும் சண்டை போட்டுத்தான் சொல்வார்.

இத்தனை இருந்தும் முழு அளவிலான பந்தயத்தை நேரில் பார்க்க நாங்கள் ஏன் கடல் தாண்ட வேண்டும் என்பது உங்கள் குற்றமல்ல. டெல்லி பக்கத்தில் புத் சர்க்யூட்டில் 2011, 2012, 2013 என்று மூன்று வருஷம் நடந்தது. மூன்றையும் வெட்டல் ஜெயித்தார். பிறகு இது விளையாட்டா கேளிக்கையா, வரி யாருக்கு எவ்வளவு என்கிற தகராறில் நின்றது நின்றதுதான். சென்னையில் 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 ராத்திரிப் பந்தயம் நடத்தினார்கள், நல்ல காரியம். ஆனால் ஃபார்முலா 4 என்பது ஏணியின் கீழ்ப்படி. மேல்படியைப் பார்க்கப் பாஸ்போர்ட் வேண்டும். அந்தக் கட்டாயத்தில்தான் உங்கள் வியாபாரம் ஓடுகிறது.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவது வந்ததும், அவர் தேசியக் கொடியோடு ஓடிவந்ததும் எல்லோருடைய போனிலும் சுற்றிய பிறகு, ரேஸ் டூர் விளம்பரம் வராத வாட்ஸ்அப் குரூப் எங்கள் பக்கம் இல்லை. உங்களுடையது சிங்கப்பூர். தேதியைப் பார்த்ததும் எங்களுக்குக் கை பரபரத்தது. அக்டோபர் 1 ஆயுத பூஜை. 2 விஜயதசமி, காந்தி ஜெயந்தி. 3 முதல் 5 வரை சிங்கப்பூரில் ஃபார்முலா ஒன் பந்தயம். பவர் டேபிளுக்கும் ஓவர்லாக்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, ஷட்டரை இறக்கிவிட்டால் திங்கட்கிழமை வரை எந்தப் பையரும் தேடமாட்டான். தீபாவளி போனஸ் நெருக்கடிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. கோவையிலிருந்து நேர் விமானம், நாலு மணி சொச்சம். திருப்பூருக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு தேதி.

தலைக்கு 1,45,000 ரூபாய். அதற்கு மேல் வரிகள். ஜூலையிலேயே முழுப் பணமும் கட்டினோம். நீங்கள் அனுப்பிய பிடிஎஃப் இன்னும் என் போனில் இருக்கிறது. முதல் பக்கத்தில் மெரினா பே தண்ணீரோரம் படிக்கட்டுப் படிக்கட்டாக ஒரு பெரிய கேலரி, கீழே கார்கள். ‘கேலரியில் அமர்ந்து பார்க்கலாம்’ என்று கொட்டை எழுத்து. ‘மெரினா பே அருகில் ஹோட்டல் அல்லது அதற்கு நிகரானது’. ‘விசா உட்பட’. மூன்று வரி, மூன்று வாக்குறுதி. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் படத்திலிருந்தே தொடங்கலாம். மிதக்கும் மேடைக்கு எதிரே இருந்த அந்த கேலரியை மூடி, அந்த இடத்தைப் புதிதாகக் கட்டுகிறார்கள். அதற்காக 2023-இல் பந்தயப் பாதையையே மாற்றினார்கள். 16 முதல் 19 வரை இருந்த வளைவுகளை எடுத்துவிட்டு நேர்ப்பாதையாக்கினார்கள், 61 சுற்றாக இருந்த பந்தயம் 62 சுற்றானது. டிவியில் ரேஸ் பார்க்கிற பள்ளிக்கூடப் பையனுக்குக்கூட இது தெரியும். அதாவது நீங்கள் 2025-இல் விற்றது, இரண்டு வருஷத்துக்கு முன்பே இல்லாமல் போன இருக்கையின் படத்தை. அப்போதே கேட்டோம். “அது மாடல் படமுங்கண்ணா, நம்முளுது வேற கேலரி, சூப்பரா இருக்கும்” என்றீர்கள். எந்த கேலரி, எந்த வரிசை என்று கேட்டதற்கு, “டிக்கெட் வந்ததும் சொல்றனுங்க” என்றீர்கள். டிக்கெட் எங்கள் கைக்கு வந்தது பீளமேடு ஏர்போர்ட் வாசலில். நான்காம் மண்டல வாக்அபவுட் டிக்கெட். நின்று, நடந்து, கிடைத்த இடத்தில் எட்டிப் பார்க்கிற டிக்கெட். கேலரியும் இல்லை, நாற்காலியும் இல்லை. சிங்கப்பூரில் மூன்று நாளுக்கு விற்கிற டிக்கெட்டுகளில் மலிவான ரகம் அது.

வாக்அபவுட் டிக்கெட்டைக் குறை சொல்லவில்லை. அதை வாங்கி ரசிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். நாங்களே அதைத் தெரிந்து வாங்கியிருந்தால் பாதிக் காசு மிச்சம், வாயை மூடிக்கொண்டு நின்றிருப்போம்.

ஹோட்டல் வவுச்சர் வந்த கதையை எங்கள் ஊரில் இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஆயுத பூஜை அன்று சாயங்காலம், மெஷினில் வைத்த சந்தனம் காயுமுன், வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். முகவரியில் ‘ஜாலான்’ என்று இருந்தது. பிரிண்டிங் பட்டறைக்காரர், “ஜாலான் பெசார்தான், நம்ம லிட்டில் இந்தியா பக்கம், நல்லதாப் போச்சு, இட்லி கிடைக்கும்” என்றார். மெர்சண்டைசர் மட்டும் போனைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தினமும் ஷிப்பிங் டாக்குமென்ட் போடுகிற கண். “சிங்கப்பூர் பின்கோடு ஆறு நம்பருங்க. இதுல அஞ்சுதான் இருக்கு” என்றார். தேடிப் பார்த்தால் அது மலேசியா. ஜொகூர் பாரு.

ஐயா, ‘அதற்கு நிகரான ஹோட்டல்’ என்பது இன்னொரு நாட்டில் இருக்கலாம் என்று எந்த வியாபாரத்தில் எழுதி வைத்திருக்கிறது?

ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் பாலம். தூரம் ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பக்கம் ஒரு முத்திரை, அந்தப் பக்கம் ஒரு முத்திரை, இரண்டு பக்கமும் வரிசை. ராத்திரி 8 மணிக்குத் தொடங்கும் பந்தயம் முடிய 10 மணி நெருங்கும். அதன் பிறகு கூட்டத்தோடு வெளியே வந்து, எல்லைக்குப் பஸ் பிடித்து, இறங்கி, வரிசையில் நின்று, ஏறி, மறுபடி இறங்கி, படுக்கையில் விழும்போது மணி இரண்டு தாண்டிவிட்டது. விடிந்தால் அதே பாலத்தில் எதிர்த்திசை.

இதில் விசா சிக்கலை நீங்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, ஆன்லைனில் வருகை அட்டை நிரப்பினால் போதும். அந்தத் தைரியத்தில்தான் மலிவாக அங்கே அறை போட்டீர்கள். ஆனால் சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும். அது பல முறை நுழையும் விசாவாகத்தான் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, ஒற்றை நுழைவாகவும் வரலாம். எங்களில் கட்டிங் மாஸ்டருக்கு அப்படித்தான் வந்திருந்தது. அவர் முதல் நாள் ராத்திரி பாலத்தைத் தாண்டிப் படுக்கப் போயிருந்தால், மறுநாள் திரும்ப உள்ளே வர வழியில்லை. விசா காகிதமும் ஹோட்டல் வவுச்சரும் ஒரே மேஜையில் இருந்தவை. இரண்டையும் சேர்த்து ஒரு நிமிஷம் பார்க்க உங்கள் ஆபீஸில் ஆள் இல்லை. ரேஸ் வாரத்தில் சிங்கப்பூரில் அறை விலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு லாட்ஜில், கட்டிலுக்குக் கட்டில் வாடகை வாங்குகிற இடத்தில், அவர் சொந்தக் காசில் தங்கினார். வீட்டுக்குப் போன் பண்ணும்போது ஹோட்டல் நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்.

சின்ன விஷயம், ஆனால் சொல்லாமல் விட மனசில்லை. சிங்கப்பூர் வருகை அட்டை, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் அவர்களுடைய குடிநுழைவுத் துறை இணையதளத்தில் இலவசமாக நிரப்புவது. அதற்குத் தலைக்கு 500 ரூபாய் ‘சர்வீஸ் சார்ஜ்’ வாங்கினீர்கள். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் நுழைந்ததால் தினமும் புதிதாக ஒன்று நிரப்ப வேண்டியிருந்தது. அப்போதும் உங்கள் ஆள் “500 அனுப்பிடுங்கண்ணா” என்றான்! மெர்சண்டைசர் தன் போனிலேயே எல்லோருக்கும் நிரப்பினார்.

பந்தயம் எப்படி இருந்தது என்று ஊரில் கேட்கிறார்கள். மத்தியானமே போய், சற்று உயரமான ஒரு மேடையில் இடம் பிடித்தோம். தண்ணீர் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் இடம் போய்விட்டது. வெக்கை அதிகம் என்று அந்த வாரம் பந்தய நிர்வாகமே வெப்ப எச்சரிக்கை அறிவித்தது, அப்படி அறிவித்தது அதுதான் முதல் முறையாம். அதனால் எங்களுக்குத் தொந்தரவில்லை, காம்பாக்டிங் மெஷின் பக்கத்தில் நின்று பழகிய உடம்பு. தொந்தரவு முன்னால் நின்றவர்தான். நல்ல உயரம். 62 சுற்றில் பெரும்பகுதி நான் பார்த்தது அவருடைய டி-ஷர்ட் முதுகை. தோள்பட்டையில் பேட்லாக் தையல் இரண்டு இடத்தில் ஸ்கிப் ஆகியிருந்தது, பிரிண்ட் ஓரம் வெடிப்பு விட்டிருந்தது. எங்கள் செக்கிங்கில் அது நிச்சயம் ரிஜெக்ட். அவர் தலை சாய்கிற நேரம் பார்த்து, வேலிக் கம்பி வழியாக ஒரு நிறம் பாய்ந்து மறையும். அந்தச் சத்தம் நெஞ்செலும்பில் இடித்தது உண்மை, அதற்காக ஆயுசுக்கும் நன்றி சொல்வேன். யார் முன்னால், யார் பின்னால் என்பதைத் தூரத்துத் திரையில்தான் தெரிந்துகொண்டோம். ரஸ்ஸல் ஜெயித்தார், வெர்ஸ்டாப்பன் இரண்டாவது, மெக்லாரன் அணிப் பட்டத்தை அன்றே உறுதி செய்தது. வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த என் மகனுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்போது எங்கள் தொழிலில் இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பையர் ஒரு டி-ஷர்ட் கேட்கிறான். துணி 180 ஜிஎஸ்எம், நெக் ரிப் இன்ன அகலம், லேபிள் இன்ன இடத்தில் என்று ஸ்பெக் ஷீட் வரும். சாம்பிள் தைத்து அனுப்புவோம். அவன் பார்த்து, சரி என்று சீல் வைத்துத் திருப்பி அனுப்புவான். அதற்குப் பிறகு அந்த சாம்பிள்தான் வேதம். 5,000 பீஸ் பேக் பண்ணி வைத்தால், இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் ஏக்யூஎல் 2.5 கணக்கில் 200 பீஸை அவர் இஷ்டத்துக்கு உருவி எடுப்பார். குறை 10 வரை பாஸ். 11 ஆனால் மொத்தச் சரக்கும் ஃபெயில். அட்டைப் பெட்டி அத்தனையும் பிரித்து, திரும்ப செக்கிங் போட்டு, கப்பல் தேதி தவறினால் எங்கள் செலவில் விமானத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு மேல் டிஸ்கவுண்ட், டெபிட் நோட். 180-க்கு அப்ரூவல் வாங்கிக்கொண்டு 160 துணியில் தைத்து அனுப்பி, “அது மாடல் சாம்பிளுங்க” என்று சொன்ன ஆள் இந்த ஊரில் ரெண்டாவது ஆர்டர் வாங்கியதில்லை. சில பையர்கள் எங்களைக் கசக்கிப் பிழிகிறார்கள் என்பதும் நிஜம். ஆனால் எழுதியதைக் கொடுப்பது என்கிற ஒழுங்கில்தான் உலகம் முழுக்க உடுத்துகிற துணி இந்த நொய்யல் கரையிலிருந்து போகிறது. ஒரு ரூபாய் பனியன் வியாபாரத்தில் செல்லாத சாக்கு, ஒன்றரை லட்சம் ரூபாய் டூரில் எப்படிச் செல்லும்?

ஐந்தாவது ஆள் விஷயம். அவர் சரக்கு முழுக்க அமெரிக்காவுக்கு. 2025 ஆகஸ்ட் 7-இல் 25 சதவீத வரி விழுந்தது, 27-இல் அது 50 ஆனது. அந்த மாதம் திருப்பூரில் அமெரிக்க ஆர்டர் வைத்திருந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, கோவைக்கும் அதே காற்றுதான். தைத்த சரக்கு பெட்டியில், பையர் “ஹோல்ட்” என்கிறான், பாதி வரியை நீ ஏற்றுக்கொள் என்கிறான். வாரக் கூலி சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அந்த நிலையில் ஆகஸ்ட் கடைசியிலேயே, பந்தயத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே, “நான் வரலீங்க, முடிஞ்சதைத் திருப்பிக் கொடுங்க” என்றார். “ரீஃபண்ட் இல்லீங்க, டெர்ம்ஸ்ல இருக்கு” என்றீர்கள்.

கேட்கிறேன். சிங்கப்பூர் விசாவுக்குப் பயணத்துக்கு 30 நாளுக்குள்தான் விண்ணப்பிப்பார்கள். ஆகவே அவருக்கு நீங்கள் விசாவே போடவில்லை. 30 சிங்கப்பூர் வெள்ளி விசாக் கட்டணம் உங்கள் கையில். காப்பீடு எடுக்கவில்லை, பிரீமியம் உங்கள் கையில். ஜொகூர் பாருவில் எங்களுக்குக் கொடுத்தது இரண்டு அறை, ஐந்தாவது ஆளுக்கென்று அறையே இல்லை. வாக்அபவுட் டிக்கெட்டை யாருக்கு விற்றீர்களோ தெரியாது. விமான டிக்கெட் பணம் வராது என்றால் அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், ரசீது காட்டுங்கள். கொடுக்காத சேவைக்குக் காசு பிடிக்க எந்த டெர்ம்ஸாலும் முடியாது.

கடைசியாக வரி. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் என்று ஜிஎஸ்டிக்கு மேல் 5 சதவீதம் டிசிஎஸ் பிடித்தீர்கள். அப்போதைய சட்டம் அது, மறுப்பில்லை. ஆனால் டிசிஎஸ் உங்கள் காசு அல்ல. எங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டினால், நாங்கள் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்வோம். ஜூலையில் வாங்கியதற்கான கணக்கை அக்டோபர் 15-க்குள் நீங்கள் தாக்கல் செய்திருக்க வேண்டும். எங்கள் ஆடிட்டர் ஐந்து பேருடைய 26ஏஎஸ்-ஸும் எடுத்துப் பார்த்தார். ஒருவருடையதில்கூட வரவில்லை. டிக்கெட்டில் ஏமாந்தது எங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள விவகாரம். இது வருமான வரித் துறைக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ளது.

நியாயமாகச் சொன்னால் விமானம் நேரத்துக்குப் போனது, நேரத்துக்கு வந்தது. அதில் உங்கள் கை எதுவும் இல்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். சொன்ன கேலரிக்கும் கொடுத்த வாக்அபவுட்டுக்கும் உள்ள விலை வித்தியாசம். கட்டிங் மாஸ்டர் லாட்ஜுக்குக் கொடுத்த வாடகை. 500, 500-ஆக வாங்கியது. ஐந்தாவது ஆளுக்கு வரிவாரியாகக் கணக்கு, மீதிப் பணம். எல்லோருக்கும் டிசிஎஸ் சான்றிதழ். மன்னிப்புக் கடிதம் வேண்டாம், அதை வைத்து நாங்கள் என்ன செய்வது?

ரேஸ் டூருக்குப் பணம் கட்டப்போகிற எங்கள் ஊர்க்காரர்களே, கேலரியின் பெயர், மண்டலம், வரிசை மூன்றும் எழுத்தில் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டிக்கெட்டை மட்டும் பந்தய நடத்துநரின் இணையதளத்திலேயே வாங்கிவிட்டு, விமானமும் அறையும் விசாவும் ஏஜென்ட்டிடம் கொடுப்பது உத்தமம். ஹோட்டலின் பின்கோடு கேளுங்கள். விசா வந்ததும் எத்தனை நுழைவு என்று பாருங்கள். ஏமாந்துவிட்டால் 1915-க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 சட்டப்படி கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது.

ஐயா, உங்களுக்குப் பதினைந்து நாள். பதில் எழுத்தில் வேண்டும், போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து நால்வரும், வராமலே பணம் கட்டிய ஒருவரும்